கிள்ளையின் மெய்ப்பாடு

பேசும் பறவை என்பதே கிளிக்கு உலகம் அளித்த பெருமை. கிள்ளை என்றும் தத்தை என்றும் பெயரிட்டு அதனைப் போற்றினர் பழந்தமிழர். மதுரை மாநகரில் அங்கயற்கண்ணியிடத்துக் கிளி உண்டு. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் திருக்கரத்திலும் கிளி உண்டு. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகர்பால் தூது போக்க ஒரு கிள்ளையையே தேர்ந்தெடுத்தார். தினைப்புனம் காத்த குறிஞ்சி மகளிர்க்கு மட்டும் கிளியோடு சிறிது பகை இருந்தது. கதிர் கொய்ய வரும் கிளியை ஓட்டுதற்கு அவர்கள் கைக்கொண்ட குளிர், தட்டை, தழல் என்னும் கருவிகளின் பெயரைக் குறிஞ்சிப் பாட்டில் காணலாம். ஏனையோர் எல்லாம் அதன் மழலையில் மயங்கினர்.

கிளியின் நாவை இவ்வளவு போற்றிய மக்கள் அதன் மெய்யைப் போற்றினார் அல்லர். கூண்டிலுள்ள கிளி தலையை அசைத்தால் ஆடுகின்றது என்பர். வாலை அசைத்தால் மகிழ்கின்றது என்பர். சிறகை உதறினால் குறும்பு செய்கின்றது என்பர். நோயுற்று மூச்சுக்கு வருந்தும் கிளியைச் சூழ்ந்து நின்று கைகொட்டிச் சிரிப்பாரும் உளர். அவர் கொடியர் அல்லர். கிளி பேசும் இரு மொழிகளுள் ஒன்றை மட்டுமே கேட்டுப் பழகியவர்.

மெய் என்னும் சொல்லுக்கு உடம்பு என்பதும் பொருள். உண்மை என்பதும் பொருள். கிளியின்பால் இவ்விரு பொருளும் ஒன்றுபடுகின்றன. அதன் வாய்ச்சொல் மனிதரிடம் பெற்ற இரவல். அலெக்சு என்னும் ஆப்பிரிக்கச் சாம்பற்கிளியை அமெரிக்க அறிஞர் ஐரீன் பெப்பர்பர்க் 1977 முதல் 2007 வரை முப்பது ஆண்டு பயிற்றி, நிறமும் வடிவும் எண்ணும் உணர்ந்து விடை கூறச் செய்தார் என்பது மெய்யே. ஆனால் அத்தகைய பயிற்சி பெற்ற கிளிகள் மிகச் சிலவே. வீட்டுக் கூண்டில் வளரும் கிளி தான் கேட்ட ஒலியைத் திருப்பி ஒலிக்கும். பசித்தபோதும் அதே சொல்லைச் சொல்லும். அஞ்சியபோதும் அதே சொல்லைச் சொல்லும். உடம்போ இரவல் வாங்குவதில்லை.

உள்ளத்து நிகழ்வது உடம்பின்கண் வெளிப்படுதலை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அதனை எட்டாக வகுத்தார். அவர் வகுத்தது மக்களையும் அவர்தம் செய்யுளையும் கருதியே. ஆயினும் அதே நூலின் மரபியலில் விலங்கினுள் ஒருசாரனவும் ஆறறிவு பெறும் என்னும் கருத்து உண்டு. அதற்கு எடுத்துக்காட்டாகப் பழைய உரை கூறுவன கிளியும் குரங்கும் யானையும். எத்தனையோ உயிர்கள் இருக்க, கிளியை அவ்வரிசையில் வைத்த உரைகாரர் அதனைக் கூர்ந்து நோக்கியிருத்தல் வேண்டும். மேலை நாட்டில் சார்லசு டார்வினும் மக்களிடத்தும் விலங்குகளிடத்தும் உணர்ச்சி வெளிப்படும் முறையைப் பற்றி 1872 ஆம் ஆண்டில் ஒரு தனி நூல் வெளியிட்டார்.

கோவை மாநகருக்குத் தென்மேற்கே, பாலக்காட்டுக் கணவாய்க்குச் செல்லும் வழியில் உள்ளது மதுக்கரை. சுண்ணாம்புக் கல்லும் சிமிட்டி ஆலையும் அவ்வூருக்குப் பெயர் தந்தன. ஒருபுறம் தருமலிங்கேசுவரர் மலை. மறுபுறம் கேரளம் நோக்கி ஓடும் இருப்புப் பாதை. ஆனி, ஆடித் திங்களில் கணவாயின் வழியே காற்றுச் சீறி வரும். விலங்கின் நடமாட்டத்தை உணராவிடின் நேரும் கேட்டை இவ்வூரார் நன்கு அறிவர். 2021 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இப்பாதையில் தொடர்வண்டி மோதி மூன்று யானைகள் மாண்டன. பின்னர் 2024 ஆம் ஆண்டில், யானையின் உடல்வெப்பத்தை இருளிலும் கண்டுகொள்ளும் கருவிகளைக் கோபுரங்களில் அமைத்து, வண்டி ஓட்டுநர்க்கு முன்னறிவிப்புத் தரும் ஏற்பாட்டை வனத்துறை தொடங்கிற்று. யானைக்குக் கோபுரமும் கருவியும் வேண்டும். திண்ணையில் தொங்கும் கூண்டுக்கு அவை வேண்டா. இரு கண்கள் போதும்.

அவ்வூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் இரும்புக் கூண்டு ஒன்று தொங்கிற்று. அதனுள் ஒரு பச்சைக்கிளி. அதன் கழுத்தைச் சுற்றிக் கருமையும் செம்மையும் கலந்த கோடு ஒன்று மாலைபோல் ஓடிற்று. தார் என்றால் மாலை. அதுபற்றியே அவ்வினத்தைச் செந்தார்ப் பைங்கிளி என்பர். ஆண்பறவைக்கே இம்மாலை உண்டு. அதுவும் பிறந்து இரண்டு மூன்று ஆண்டு சென்ற பின்னரே தோன்றும். வீட்டுக்கு உரியவர் இருப்புப் பாதைப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற முதியவர். மரப்பொந்தினின்று விழுந்த குஞ்சு என்று சொல்லி யாரோ கொணர்ந்து கொடுத்த பறவையை அவர் கையால் ஊட்டி வளர்த்தார். வந்தாரை 'வாங்க' என்று அழைப்பது கொங்கு நாட்டு இயல்பு. திண்ணையில் வளர்ந்த கிளியும் அச்சொல்லைக் கற்றது. அஞ்சற்காரர்க்கும் 'வாங்க', கடன் கேட்டு வந்தவர்க்கும் 'வாங்க', கூண்டை எட்டிப் பார்த்த பூனைக்கும் 'வாங்க'!

முதியவரின் மகள்வயிற்றுப் பேத்தி ஏழாம் வகுப்பில் படிப்பவள். அக்கிளி தன் உடம்பை இடமும் வலமுமாக அசைத்து ஆடுவதை அவள் பலமுறை கண்டாள். கைப்பேசியில் பாட்டு ஒலிக்கும்போது அது ஆடும். தெருவிலுள்ளோர் அதனைக் காணவே வருவர். ஒருநாள் பாட்டு இல்லாதபோதும் அது ஆடக் கண்டு, "அப்பிச்சி, பாட்டே இல்லையே, கிளி எதற்கு ஆடுகின்றது?" என்று அவள் கேட்டாள்.

முதியவர் உடனே விடை கூறவில்லை. சற்று நேரம் கூண்டை நோக்கியிருந்தார். பின்பு, "அம்மிணி, கைகாட்டி இறங்கிவிட்டது என்ற ஒன்றைக் கொண்டு வண்டியை விட்டுவிட முடியுமா? அஃது எந்தத் தடத்துக்கு உரிய கைகாட்டி, அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும். ஒரு சுவடி எடுத்துக்கொள். கிளி என்ன செய்தது என்று எழுது, அதற்கு முன் என்ன நிகழ்ந்தது, பின் என்ன நிகழ்ந்தது என்பதையும் எழுது" என்றார்.

இம்மூன்று பத்தி முறையைவிடச் சிறந்த முறை கிளி வளர்ப்போர்க்கு வேறு இல்லை. ஓர் அசைவுக்கு ஒரு பொருள் என்று பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு கிளியைப் படிக்க இயலாது. 'அடி' என்னும் சொல் ஓரிடத்தில் பாதத்தையும், ஓரிடத்தில் செய்யுளின் உறுப்பையும், ஓரிடத்தில் முதுகில் விழுவதையும் குறித்தல் போல, கிளியின் அசைவும் இடம் நோக்கியே பொருள் தரும்.

கண்ணை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த பைங்கிளியின் கண்மணியைச் சுற்றி வெளிறிய வளையம் உண்டு. ஆதலின் கண்மணி சுருங்குவதும் விரிவதும் நன்கு புலப்படும். மனிதர் கண்மணி தாமே நினைத்தபடி சுருங்காது. பறவையின் கண்மணியை இயக்கும் தசையோ, கைகால்களை இயக்கும் தசையைப் போன்ற வரித்தசை. ஆகவே ஒளி மாறாதபோதும் கிளியின் கண்மணி நொடிக்குநொடி சுருங்கி விரியும். எப்போது அவ்வாறு நிகழும்? விரும்பிய கொய்யாப் பழத்தைக் கண்டபோது நிகழும். கடிக்க முனையும்போதும் நிகழும். உவகையும் வெகுளியும் ஒரே வாயிலில் வந்து நிற்கின்றன. வேறுபாடு கண்ணில் இல்லை. பிடரி இறகு சிலிர்த்து, வால் விசிறிபோல் விரிந்து, உடம்பு முன்னோக்கிச் சாய்ந்து விறைத்திருந்தால் அது வெகுளி. இறகுகள் தளர்ந்து, அலகில் மெல்லொலி எழுமாயின் உவகை. பேத்தி இதனை ஒரு நூலிலும் படிக்கவில்லை. சுவடியின் மூன்றாம் பத்தியில் 'கடித்தது' என்று நான்கு முறை எழுதியபின் தானே கண்டுகொண்டாள்!

தை பிறந்ததும் கிளி புதியதொரு செயலைத் தொடங்கிற்று. கூண்டில் மாட்டியிருந்த சிறு கண்ணாடியின் முன் நின்று, தலையை மேலும் கீழும் பலமுறை அசைத்து, உண்ட உணவைக் கக்கிற்று. நோய் என்று வீட்டார் கலங்கினர். அது நோயன்று. பைங்கிளிகள் இணைசேரும் காலம் அது. மரக்கிளையில் பெண்கிளி தலையைப் பக்கத்துக்குப் பக்கம் அசைத்துக் கண்ணை உருட்டும். ஆண்கிளி அதன் அருகில் வந்து, தன் இரைப்பையினின்று உணவைக் கொணர்ந்து அலகோடு அலகு வைத்து ஊட்டும். கூண்டுக்கிளி தன் நிழலையே துணையாக எண்ணி ஊட்ட முயன்றது. இவ்வாறு ஊட்டக் கொணரும் உணவு ஓரிடத்தில் ஒழுங்காக விழும். நோயால் வரும் வாந்தியோ அவ்வாறன்று. கிளி தலையை உதற, பிசுபிசுப்பான உணவு தலையிறகிலும் கூண்டுக் கம்பியிலும் தெறிக்கும். அதனோடு சோர்வும் காணப்படும். அந்நிலையில் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். கண்ணாடியை நீக்கியதும் மதுக்கரைக் கிளியின் செயல் நின்றது. அன்று முழுதும் அது கண்ணாடி இருந்த இடத்தையே நோக்கிக் கொண்டிருந்தது என்று சுவடியில் ஒரு குறிப்பு உண்டு.

வேறு சில அசைவுகளைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை. மாலையில் அலகை அலகோடு தேய்த்து நறநறவென ஒலி எழுப்புவது உறக்கத்துக்கு முன் வரும் அமைதி. ஒரு காலை இறகுக்குள் மடக்கி மறுகாலில் நிற்பது ஓய்வு. கழுத்தை நீட்டிக் கொட்டாவி விடுவதும், உடம்பு முழுவதையும் ஒருமுறை உதறுவதும் இயல்பானவையே. கொட்டாவி ஓயாது வரின் தொண்டையில் ஏதேனும் சிக்கியிருக்கலாம். அமெரிக்க மக்காவ் கிளிகள் சிலவற்றின் இறகற்ற வெண்கன்னம், பழகிய மனிதரோடு உறவாடும்போது சிவப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் 2018 ஆம் ஆண்டில் எழுதியுள்ளனர். நாணம் என்று அதனைச் சொல்லத் தோன்றும். கிளிக்கு நாணம் உண்டோ என்று துணிந்து கூறுவது புலவர்க்கு எளிது, ஆய்வாளர்க்கு எளிதன்று.

இனி, அந்த ஆட்டத்துக்கு வருவோம். கிளி பாட்டுக்கு ஆடும் என்பது பொய்யன்று. அமெரிக்காவில் சுனோபால் என்னும் கொண்டைக்கிளி இசையின் தாளத்தோடு ஒத்து அசைவதை அறிஞர் ஆராய்ந்து 2009 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் ஆட்டத்தில் வேறுவேறான 14 அசைவுகள் உண்டு என 2019 ஆம் ஆண்டில் மீண்டும் எழுதினர். அது காலைத் தூக்கும், கொண்டையை விரிக்கும், தலையைச் சுழற்றும், ஒருமுறை செய்தது போல் மறுமுறை செய்யாது. மதுக்கரைக் கிளியின் சுவடியோ வேறு கதை கூறிற்று. கோலின் இடமுனை, வலமுனை, மீண்டும் இடமுனை. அடி மாறாது, அளவு மாறாது, நூறு முறை, இருநூறு முறை. பாட்டு ஒலித்தபோதும் அதே அசைவு. ஒலிக்காதபோதும் அதே அசைவு. பேத்தி விடுமுறை நாட்களில் எழுதியதையும், மற்ற நாட்களில் முதியவர் எழுதியதையும் ஒப்பிட்டபோது, வீட்டில் ஆளற்ற நேரத்திலேயே அது மிகுதியாக ஆடியது தெரிந்தது.

இஃது ஆட்டமன்று; அடைபட்ட உயிரின் அலைவு. கலிபோர்னியாவின் டேவிசு நகரப் பல்கலைக்கழக அறிஞர் மூவர் இளங்கிளிகளைக் கொண்டு ஆய்ந்து 2004 ஆம் ஆண்டில் இதுபற்றி எழுதினர். வெறுங்கூண்டில் வளர்ந்த கிளிகளிடம் இத்தகைய மாறா அசைவுகள் பெருகின. உணவைத் தேடியெடுக்கவும் ஏறி இறங்கவும் வழி செய்த கூண்டில் வளர்ந்தவற்றிடம் அவை குறைவாக இருந்தன. வெறுங்கூண்டுக் கிளிகளைப் பின்னர் அத்தகைய கூண்டுக்கு மாற்றியபோது அவற்றின் அசைவும் குறைந்தது. காட்டுக் கிளி நாளின் பெரும்பொழுதை இரை தேடுவதிலும் பறப்பதிலும் கூட்டத்தோடு கலந்து ஒலிப்பதிலும் கழிக்கும். கூண்டுக் கிளிக்கோ கிண்ணம் நிறைய உணவு உண்டு. செய்வதற்கு ஒன்றும் இல்லை. தெருவார் கண்டு களித்தது அந்த வேலையின்மையை!

முதியவர் அதன்பின் கிண்ணத்தில் உணவு இடுவதை விடுத்தார். சோளக்கதிரைக் கம்பியில் செருகி வைத்தார். முருங்கைக் கொத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். தென்னை மட்டையின் இடுக்கில் கடலையை ஒளித்தார். கிளி அவற்றைத் தேடிக் கிழித்துத் திண்ணை முழுவதும் குப்பையாக்கிற்று. வீட்டிலுள்ள மூதாட்டி நாள்தோறும் இருமுறை பெருக்க வேண்டியதாயிற்று. அலைவு ஓரளவு குறைந்தது, முற்றும் மறையவில்லை.

அவ்வாண்டு ஆடித் திங்களில் ஒருநாள், பள்ளியினின்று வந்த பேத்தி கூண்டின் முன் நின்றாள். கிளி வழக்கம்போல் 'வாங்க' என்றது. குரலில் சிறிது கரகரப்பு. இறகுகள் பஞ்சுபோல் பருத்திருந்தன. இரு கால்களாலும் கோலைப் பற்றியிருந்தது. அதன் வால் மெல்ல மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. ஓடியாடிய அசைவன்று, ஊசற்குண்டின் அசைவு. தெருவில் சென்ற ஒருவர், "கிளி வாலாட்டுகின்றது, உன்னைக் கண்ட மகிழ்ச்சி" என்று சொல்லிப் போனார். பேத்தி மறுமொழி கூறவில்லை. கிளியின் மார்பு எழுந்து தாழும்போதெல்லாம் வாலும் எழுந்து தாழ்வதை அவள் எண்ணிப் பார்த்தாள். மூச்சும் வாலும் ஒன்றாக இருந்தன. "அப்பிச்சி! கிளி வாலாட்டவில்லை, மூச்சு விட முடியாமல் திணறுகின்றது" என்று கூவினாள்.

முதியவர் சமையலறைத் தராசில் அதனை ஒரு பையோடு நிறுத்தார். இக்கிளியினத்தின் எடை ஏறத்தாழ 120 கிராம். அவர் முன்பு எழுதி வைத்த அளவிலிருந்து 14 கிராம் குறைந்திருந்தது. மனிதர்க்கு 14 கிராம் ஒரு பொருளன்று. கிளிக்கு அது பத்தில் ஒரு பங்குக்கு மேல். பத்தில் ஒரு பங்கு எடை குறைவதே பேரிடர்க் குறி. இறகு மூடிய உடம்பு மெலிவதைக் கண் காணாது, தராசே காணும். மேலும், காட்டில் பிற உயிர்க்கு இரையாகும் பறவை தன் நோயை மறைத்தே வாழும். நோயுற்றது என்று தெரிந்தால் பருந்து அதனையே நாடும். அந்த இயல்பு கூண்டிலும் மாறுவதில்லை. ஆகவே கிளி நோயை வெளிக்காட்டும்போது நோய் முற்றியிருக்கும். நாளைக்குப் பார்ப்போம் என்னும் சொல்லுக்கு அங்கு இடமில்லை.

அன்றிரவே கூண்டைத் துணியால் மூடிக் கால்நடை மருத்துவரிடம் சென்றனர். மருத்துவர் முதலிற் செய்தது ஒன்றும் இல்லை. தொடாமல் தள்ளி நின்று சில நிமிடம் நோக்கினார். பின்னர், கிளியைத் துணியில் பற்றும்போதும் மார்பை அழுத்தாது பற்றினார். அதன் காரணத்தையும் பேத்திக்கு உணர்த்தினார். மனிதர்க்கு நுரையீரலின் கீழே உதரவிதானம் உண்டு. மார்பை யாரேனும் பற்றினாலும் அதன் உதவியால் ஓரளவு மூச்சு விடலாம். பறவைக்கு அத்தகைய உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்து, உடம்பினுள் உள்ள காற்றுப் பைகளை விரித்துச் சுருக்குவதாலேயே காற்று உட்சென்று வெளிவரும். அன்பு மிகுதியால் கிளியை இறுகப் பிடிப்பவர் அதன் மூச்சையே பிடிக்கின்றார். மூச்சு எளிதாக வராதபோது வயிற்றுத் தசையும் சேர்ந்து உழைக்கும்; அவ்வுழைப்பே வாலில் தெரிவது. பறந்து இறங்கிய கிளியின் வால் சிறிது நேரம் அசைவது இயல்பு. இருந்த இடத்தில் இருக்கும் கிளியின் வால் ஓயாது அசைவது மூச்சுக்கு நேர்ந்த இடையூறு.

நோய்க்கு வித்து ஆடிக்காற்று மட்டுமன்று. பல்லாண்டாகச் சூரியகாந்தி விதையும் சோறுமே அதன் உணவு. அவற்றில் ஏ உயிர்ச்சத்து மிகக் குறைவு. அச்சத்துக் குறைந்தால் மூக்கு, தொண்டை ஆகியவற்றின் உட்புறத் தோல் கெட்டு நோய்க்கிருமி எளிதிற் பற்றும். கீரையும் காரட்டும் பப்பாளியும் வேண்டும் என்றார் மருத்துவர். சமையலறையின் புகையும் ஆகாது. ஒட்டாத பூச்சுடைய வாணலியை வெறுமனே காயவைத்தால் எழும் ஆவி மனிதர்க்குப் புலப்படாமலே பறவையை நிமிடங்களிற் கொல்லும் என்றும் எச்சரித்தார்.

வலிப்பைப் பற்றியும் அன்று அவர் சிறிது கூறினார். கோலில் இருந்த கிளி திடீரென விழுந்து, கால்களை உதைத்துச் சிறகுகளை அடித்துக்கொண்டால் அதனைக் குறும்பு என்று எண்ணலாகாது. சுண்ணாம்புச் சத்துக் குறைவாலும் வலிப்பு வரும். ஆப்பிரிக்கச் சாம்பற்கிளிகளுக்கு இது மிகுதி. கூண்டுக் கம்பியின் துத்தநாகத்தையும் பழைய வண்ணப் பூச்சின் ஈயத்தையும் கொத்தி விழுங்குவதாலும் வரும். அப்போது வாயில் நீர் ஊற்றலாகாது. கோல்களை நீக்கி, தளத்தில் மெல்லிய துணி விரித்து, இருளும் அமைதியும் தந்து மருத்துவரிடம் விரைதல் வேண்டும். இரவில் கிளி கூண்டெங்கும் மோதிப் படபடப்பதோ பெரும்பாலும் அச்சம்; சிறு கொண்டைக்கிளிகளிடம் இது மிகுதி. சிறு விளக்கு ஒன்று இருந்தால் அடங்கிவிடும்.

பத்து நாளில் கிளி தேறிற்று. எடை மீண்டது, வால் அமைந்தது. அதனை அழைத்துச் செல்ல வந்தபோதுதான் மருத்துவர் மற்றொன்று சொன்னார். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியினங்களைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். வீட்டில் வளர்க்கத் தக்கவை அயல்நாட்டு இனங்களே. அவற்றுள்ளும் சாம்பற்கிளி முதலியவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும். கிளி சோதிடர்க்கும் இச்சட்டத்தில் விலக்கு இல்லை. 2024 ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் கடலூர்ப் பகுதியில் சோதிடர் வைத்திருந்த கிளிகளை வனத்துறையினர் கைக்கொண்டனர். ஏட்டை எடுக்கும் அலகை நோக்கியவர் பலர். வெட்டப்பட்ட சிறகை நோக்கியவர் சிலர்.

முதியவர் அச்சட்டத்தை அறிந்தவரல்லர். வீடு திரும்பி, இரண்டு நாள் அதுபற்றி ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் பேத்தியின் சுவடியை வாங்கி முதலிலிருந்து படித்தார். இடமுனை, வலமுனை என்று எழுதிய பக்கங்களை மெல்லப் புரட்டினார். "கண்ணு, இத்தனை நாளும் இது கேட்டது என்ன என்று நீயே எழுதி வைத்திருக்கிறாய்" என்றார். பேத்தி அழுதாள். "பறக்கத் தெரியாதே, அப்பிச்சி! அதற்கு யார் முருங்கை வைப்பார்?" என்றாள். அவள் கேட்டதும் தவறன்று. கூண்டில் வளர்ந்த கிளியைத் திடீரெனத் திறந்துவிடுதல் அருளாகாது. பறக்கும் தசை மெலிந்த பறவை காகத்துக்கும் பூனைக்கும் இரையாகும். அதனை வனத்துறையிடம் ஒப்படைத்தால், தன் இனத்தோடு பெரிய அடைப்பில் வாழ்ந்து சிறகு வலுப்பெற வழியுண்டு. இதனை முதியவர் அவளுக்குப் பொறுமையாக எடுத்துரைத்தார்.

ஞாயிறு கழிந்த மறுநாள் மூவரும் சென்றனர். முதியவர், பேத்தி, கிளி. வனத்துறையினரின் அடைப்பில் இருபதுக்குக் குறையாத பைங்கிளிகள் இருந்தன. கூண்டின் கதவு திறந்ததும் மதுக்கரைக் கிளி நெடுநேரம் வெளிவரவில்லை. பின்பு அலகால் கம்பியைப் பற்றி ஏறி, ஒரு கிளையில் அமர்ந்தது. பிற கிளிகள் கூச்சலிட்டன. அதன் இறகுகள் உடம்போடு ஒட்டி இறுகின, கழுத்து நீண்டது. அச்சம் என்று பேத்தி தாழ்ந்த குரலில் கூறினாள். சிறிது பொழுதுக்குப் பின் இறகுகள் தளர்ந்தன. அது உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு, அருகிலிருந்த கிளியை நோக்கி 'வாங்க' என்றது. அலுவலர்கள் சிரித்தனர்.

பேத்தி சிரிக்கவில்லை. அவள் அடைப்பின் மறுகோடியில் தனியே அமர்ந்திருந்த வேறொரு கிளியை நோக்கிக்கொண்டிருந்தாள். அதன் இறகுகள் பருத்திருந்தன. "ஐயா, அந்தக் கிளியின் வாலைப் பாருங்கள், மூச்சோடு சேர்ந்து அசைகின்றது" என்றாள். அலுவலர் நெருங்கிச் சென்று சற்று நேரம் நின்று பார்த்தார். பின்னர் மருத்துவரை அழைக்க விரைந்தார்.